நியூரம்பெர்க் நிலவறையிலிருந்து வீடு திரும்பிய மாதா

போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரம். சந்தைச் சதுக்கத்தின் மூலையில் செங்கல்லால் கட்டிய புனித மரியாள் பங்குக் கோயில். அதன் இரண்டு கோபுரங்களில் ஒன்று உயரம், மற்றது கொஞ்சம் குட்டை. உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து மணிக்கொரு தடவை ஒருவர் நான்கு திசைக்கும் எக்காளம் ஊதுவார். மெட்டு முடியாமல் பாதியில் சட்டென்று நின்றுவிடும்.

ஏன் என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். 1241-ல் மங்கோலியப் படை வருவதைப் பார்த்து எச்சரித்தவரின் கழுத்தில் அம்பு தைத்ததாம். அந்தக் கதையை உலகெங்கும் கொண்டுபோனது, 1928-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறுவர் நாவல். படையெடுப்பு நடந்தது உண்மை. ஆனால் இன்று நிற்கும் கோயில் பெரும்பாலும் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அம்பு கதை இருக்கட்டும். அதைவிடச் சுவையான நிஜக் கதை கோயிலுக்குள்ளேயே இருக்கிறது.

மன்னருக்கு வாவெல் குன்றின் மேல் பேராலயம் இருந்தது. இது ஊர்க்காரர்களின் கோயில். வியாபாரிகளும் கைவினைஞர்களும் காசு போட்டு வளர்த்தது. 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் பீடத்தின் மேலிருந்த கூரை வளைவு இடிந்து விழுந்தது. பிறகு ஊரே பணம் திரட்டிப் புதுப் பீடம் செய்ய முடிவெடுத்தது. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துச் சிற்பி ஃபைட் ஷ்டோஸ், சொந்த ஊர்க் குடியுரிமையையே விட்டுவிட்டு 1477-ல் வந்து சேர்ந்தார். பீடத்தை முடிக்க 12 வருஷம் பிடித்தது. செலவு, நகரத்தின் ஓராண்டு வரவுசெலவுக்கு ஈடு என்பார்கள்.

பீடத்தின் உயரம் சுமார் 13 மீட்டர், அதாவது நாலு மாடி. சட்டம் ஓக் மரம். சிலைகள் செதுக்க இதமான லிண்டன் மரம். நடுவில் மாதா உயிர் பிரியும் நேரம். கால் மடங்கிச் சரிகிறவரை அப்போஸ்தலர்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள். பெரிய சிலைகள் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 9 அடி. யாருக்கும் பொம்மை முகம் கிடையாது. புடைத்த நரம்பு, தளர்ந்த தோல், வேலை செய்து காய்த்த கை. சந்தையில் பார்த்தவர்களையே செதுக்கினாரோ என்று தோன்றும். 1933-ல் கிராக்கோவின் தோல் மருத்துவப் பேராசிரியர் ஒருவர், இந்தச் சிலைகளில் தெரியும் தோல் நோய்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்!

1939 ஆகஸ்ட். போர் வரப்போவது தெரிந்ததும் பீடத்தைப் பிரித்து, பெரிய சிலைகளைப் பெட்டியில் அடைத்து, விஸ்துலா ஆற்றில் படகில் சாந்தோமியெஷ் நகருக்கு அனுப்பினார்கள். பலனில்லை. நாஜிகள் சில வாரங்களிலேயே மோப்பம் பிடித்து பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சிற்பி நியூரம்பெர்க்காரர், ஆகவே சிற்பமும் எங்களுடையது என்பது அவர்கள் வாதம். காசு போட்ட ஊரைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைசியில் பீடம் நியூரம்பெர்க் கோட்டைக்கு அடியில் ஒரு நிலவறைக்குப் போனது. 1945 ஜனவரியில் குண்டுவீச்சில் மேலே பழைய நகரமே தரைமட்டமானபோதும் கீழே சிலைகள் தப்பின. கலை வரலாற்று அறிஞர் கரோல் எஸ்ட்ரைஹெர் அதை மீட்டு, 1946-ல் ரயிலில் கிராக்கோவுக்குக் கொண்டு வந்தார்.

உடனே கோயிலுக்குப் போகவில்லை. வாவெலில் வைத்து, பின்னாளில் பூசிய வண்ணங்களைச் சுரண்டி, பழைய நிறத்தை வெளியே கொண்டு வந்தார்கள். வேலை முடிந்த பிறகும் அங்கேயே காட்சிக்கு வைத்துவிட்டார்கள். பங்கு மக்கள் மறுபடி தங்கள் கோயிலில் மாதாவைப் பார்த்தது 1957-ல்தான்.

அடுத்த பெரிய சீரமைப்பு 2015-ல் தொடங்கி 2021-ல் முடிந்தது. இந்த முறை பீடத்தை எங்கேயும் தூக்கிப் போகவில்லை. கோயிலுக்குள்ளேயே சாரம் கட்டி வேலை நடந்தது, பூசைகளும் நடந்தன. மரத்துக்குள் விரிசல், பூச்சி அரிப்பு எங்கே என்று எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார்கள். மெழுகுவத்திப் புகையையும், கறுத்துப்போன மெருகெண்ணெயையும் அங்குலம் அங்குலமாக நீக்கினார்கள். புத்தம் புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளக்க வைக்கும் ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. அதற்கே தனி மனக்கட்டுப்பாடு வேண்டும். அடியிலிருந்த நீலமும் தங்கமும் தானாக மேலே வந்தன.

கூடவே ஒரு பரிசும் கிடைத்தது. ஒரு சிலையில் 1486 என்ற வருஷக் குறிப்பு! பீடம் முடிந்தது 1489-ல் என்பது தெரியும். அப்படியானால் நடுவிலுள்ள பெரிய சிலைகள் மூன்று வருஷம் முன்பே தயாராகிவிட்டன போலும்.

கிராக்கோவ் போகிறவர்கள் பன்னிரண்டு மணிக்குக் கால்மணி முன்பே உள்ளே போய் உட்கார்வது நல்லது. ஒரு கன்னியாஸ்திரி வந்து நீண்ட கோலால் பீடத்தின் கதவுகளைத் திறப்பார். சிறிது நேரத்தில் மேலே கோபுரத்தில் எக்காளம் தொடங்கும், பாதியில் நிற்கும்.