தொட்டியில் ஆமை, கடலில் இழுவைமடி

வேலணைத் தீவின் சாட்டி வெண்மணற் கடற்கரையில் விடுமுறை நாட்களிற் கூடுவோர் அக்கடலில் ஆமை வாழ்வதை எண்ணுவதில்லை. ஆமை பார்க்க அவர்கள் கொஸ்கொடவுக்குச் சுற்றுலாப் போகின்றனர். அங்கே சீமெந்துத் தொட்டியில் நீந்தும் குஞ்சுகளைக் கண்டு, உயிரினப் பாதுகாப்புக்குத் தாமும் உதவியதாக மனநிறைவுடன் மீள்கின்றனர்.

இம்மனநிறைவு மலிவானது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, உடலில் எஞ்சிய மஞ்சட்கருவின் வலுவைக்கொண்டு முதல் ஓரிரு நாட்கள் ஓயாது நீந்தி ஆழ்கடலை அடைதல் வேண்டும். அவ்வலுவைத் தொட்டிச் சுவரில் மோதியே செலவிடச் செய்து, பின்னர் கடலில் விடுவது பாதுகாப்பாகுமா? காட்சி தேவைப்படுவது நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கே. அதே தெற்கிலே, றேக்கவவில், 1990களில் முட்டை எடுத்து விற்றவர்களையே ஊதியங் கொடுத்துக் காவலராக்கினர்; தாய் இட்ட மணலிலேயே முட்டைகள் பொரித்தன.

காப்பகம் யாவும் பிழையென்பது வாதமன்று. கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் எஸ்பஞோலாத் தீவில் இராட்சத ஆமையினம் அழியுந் தறுவாயை அடைந்தபோது, 15 ஆமைகளை அடைத்துவைத்தே அதனைப் பெருக்கினர். ஆயின், தீவை மேய்ந்தழித்த ஆடுகளை 1978இலேயே அங்கிருந்து அகற்றிவிட்டனர். 2020இல் அப்பதினைந்தும் மீண்டபோது, மீள்வதற்கு ஒரு தீவு இருந்தது.

நமது பேராமை மீள்வதற்கு எது உண்டு? பாக்குநீரிணையின் கடற்புற் படுக்கைகளே வளர்ந்த பேராமையின் மேய்ச்சல் நிலம். இழுவைமடி அப்புல்லை வேரோடு வாரிச் செல்கிறது. மீன்குஞ்சையும் ஆமையையும் வேறுபாடின்றி அள்ளுகிறது. இலங்கை 2017இல் இத்தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் தமிழகத்து இழுவைப் படகுகளின் வரவு நின்றபாடில்லை. தீவக மீனவர் வலையறுந்து முறையிடும்போது, தொப்புள்கொடி உறவைப் பேசி வாயடைப்பவர் நம்மிடையே உளர். உறவு உண்மைதான், அதற்காகக் கடலின் அடியைச் சுரண்டக் கொடுப்பதா?

நம் கையும் தூயதன்று. யாழ்ப்பாணத்தில் உயிரோடிருக்கும் ஆமையின் தசையைத் துண்டுதுண்டாக அரிந்து விற்றதை எமர்சன் ரெனன்ற் 1861இல் வெளிவந்த தமது நூலில் அருவருப்போடு குறித்துள்ளார். (ஆங்கிலேயர் மேசையில் ஆமைச்சாறு பரிமாறப்பட்ட காலமும் அதுவே.) இலங்கைக்கு வரும் ஐந்து கடலாமை இனங்களுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் பாதுகாப்பளித்தது; அதன் பின்னரும் இறைச்சி மறைவில் விலைபோயிற்று. சட்டம் மீனவனைத் தண்டிக்கக் கற்றிருக்கிறது. அகப்பட்ட ஆமையை விடுவிக்கத் தன் வலையையே அறுப்பவனுக்கு, அவ்வலையின் விலையை யார் கொடுப்பது என்பதை மட்டும் அது இன்னும் சொல்லவில்லை.