நோட்டுப் புத்தகத்தை எரிக்காதீர்கள்

சியால்தா டிவிஷனில், பன்காவ் பாதையில் வேலை பார்த்த நாட்களில் தாகூர்நகர் ஸ்டேஷனை டிராலியில் எத்தனை முறை கடந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பாயிண்ட் சரியாக இருக்கிறதா, ஜல்லி குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன். அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் பினய் மஜும்தார் என்ற வங்கக் கவிஞர் வாழ்ந்துகொண்டிருந்தார். இது எனக்குத் தெரியவந்தது 2006 டிசம்பரில், அவர் காலமான செய்தியைப் படித்தபோதுதான்.

அவரும் நம்மைப் போல் இன்ஜினீயர். நம்மைப் போல் என்றால் தவறு. நான் டிப்ளமா, அவர் சிப்பூர் கல்லூரியில் 1957-ல் மெக்கானிக்கல் பட்டம் பெற்றவர். 1934-ல் பர்மாவில் பிறந்தவர். 1962-ல் வெளிவந்த 'பிரே ஏஷோ சாக்கா' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 'திரும்பி வா, சக்கரமே' என்று பொருள். மனச்சிதைவு நோய் அவரை விடவில்லை. பலமுறை மருத்துவமனை வாசம். கடைசி ஆண்டுகளில் அக்கம்பக்கத்தார் கவனிப்பில், கவிதையும் கணிதமுமாகக் காலம் தள்ளினார். 2005-க்கான சாகித்திய அகாதமி விருது அவருடைய எந்த நூலுக்குக் கிடைத்தது தெரியுமா? 'மருத்துவமனையில் எழுதிய கவிதைகள்' என்ற பொருள்படும் தொகுப்புக்கு!

இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் வெளியே சொல்லாதது.

என் தம்பி 1987-ல், 23 வயதில், இதே நோய்க்கு ஆளானான். குவார்ட்டர்ஸில் என்னோடுதான் இருந்தான். ராத்திரி முழுக்க எழுதுவான். காகிதம் தீர்ந்தால் நான் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய பாரங்களின் பின்பக்கத்தில் எழுதுவான். ஒரு டாக்டர், "எழுதுவதுதான் மூளையைக் கிளறுகிறது, நிறுத்துங்கள்" என்றார். நான் சொன்னபடி செய்கிற ஆள். நான்கு நோட்டுகளையும் கரி அடுப்பில் போட்டேன். என் மனைவி தடுத்தாள், கேட்கவில்லை. தம்பி பார்த்துக்கொண்டு நின்றான். "காகிதம்தானே அண்ணா, விடு" என்றான். அதன்பின் மூன்று வருஷம் அவன் பேனாவைத் தொடவில்லை. அந்த மூன்று வருஷத்தில்தான் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. எரித்ததால்தான் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு வேறு டாக்டர், வேறு மருந்து. எழுத்தும் மெல்லத் திரும்பியது. "எழுதினால் என்னடா ஆகிறது?" என்று ஒரு நாள் கேட்டேன். "தலைக்குள் இருந்தால் அது சத்தம் அண்ணா. நோட்டில் இருந்தால் எழுத்து. வேண்டுமானால் மூடி வைத்துவிடலாம்" என்றான்.

எங்கள் வேலையில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தண்டவாளத்தின் மேல் நடந்து, கழன்ற கீயைத் தட்டிவிடுவார், விரிசல் கண்டால் தகவல் கொடுப்பார். உடைந்த ரயிலை அவரால் மாற்ற முடியாது. அதற்குக் கேங் வரவேண்டும். அப்படியென்று கீமேன் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? எழுத்தை நான் அந்த இடத்தில் வைக்கிறேன். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கவிதை எழுது என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். 'ழ' பத்திரிகை நடத்திய நம் ஆத்மாநாம் எவ்வளவு நல்ல கவிஞர்! மனநோயோடு போராடி, 1984-ல் 33 வயதில் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார். கவிதை மட்டும் போதுமென்றால் அவர் இன்று நம்மோடு இருந்திருப்பார்.

அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கர், பீல் என்ற இன்னொருவரோடு சேர்ந்து 1986-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிடமாக நான்கு நாள், மனதை வருத்திய சம்பவங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதிய கையோடு மனம் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் உண்மையும் உணர்ச்சியும் சேர்த்து எழுதியவர்கள் டாக்டரிடம் போவது குறைந்தது. அவர்கள் மனநோயாளிகள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் விற்கிற மாதிரி இதற்கு உத்தரவாதச் சீட்டு கிடையாது.

என் சண்டை வேறு. நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்படி ஒருவர் இல்லாத குடும்பம் எத்தனை? சர்க்கரை வியாதியைப் பற்றிப் பந்தியில் உட்கார்ந்து பேசுகிறோம். இதை மட்டும் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று உள்ளறையில் வைத்துப் பூட்டுகிறோம். 2022 முதல் அரசின் 14416 என்ற தொலைபேசி எண் இருக்கிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அதைக்கூட அறிவிப்புப் பலகையில் ஒட்ட நமக்குத் தயக்கம். கோலப்போட்டிக்கு மலரில் நான்கு பக்கம் தருகிறோம். (கோலத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை, என் மனைவி இரண்டு முறை பரிசு வாங்கியவள்.) இவர்கள் எழுதுவதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? இரக்கப்பட்டுப் போட வேண்டாம். நன்றாக இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் மற்றவர்களுக்குச் செய்வதுபோல் திருப்பி அனுப்புங்கள்.

இக்கட்டுரையோடு தம்பி எழுதிய ஒரு பக்கத்தையும் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். மாடிக்கு வரும் காக்கைகளைப் பற்றியது. புனைபெயர் போட்டுக்கொள்ளலாமே என்று நான்தான் கேட்டேன். வேண்டாமாம், சொந்தப் பெயரே இருக்கட்டுமாம். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் திருத்திக்கொள்ளலாம் என்கிறான்.