ஆலைப் புகையும் பீடிப் புகையும்

டிராம்பேயில் புகைக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம் எல்லாம் செம்பூரையும் டிராம்பேயையும் சூழ்ந்து நிற்கின்றன. "ஊரே புகையாய் இருக்கும்போது ஒரு பீடியால் என்ன கெட்டுவிடப் போகிறது?" என்று கேட்கும் தமிழர் சீத்தா கேம்ப்பிலும் உண்டு, செம்பூரிலும் உண்டு.

அவர்கள் மனக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆலைகளை ஒட்டிய மாகுல் பகுதி மக்களின் உடல்நலத்துக்குக் காற்று மாசினால் ஆபத்து என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2015இல் கூறிற்று. ஆனால், பட்ட காலிலேயே மேலும் படவிடுவது அறிவுடைமை ஆகாது.

மூச்சுக் குழாயின் உட்சுவரில் மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் உள்ளன. தூசியையும் சளியையும் மேலே தள்ளி வெளியேற்றுவது அவற்றின் வேலை. புகையிலைப் புகை அவற்றை முடக்கிவிடுகிறது. காவல் போன வீட்டில் ஆலைத் தூசியும் தாராளமாகக் குடியேறும்! காலை இருமல் அதன் அறிகுறியே.

அடுத்தது ரத்தம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைவிட 200 மடங்கு வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பிராணவாயு குறைய, இதயத்தின் சுமை கூடுகிறது. மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு மாரடைப்பு வந்தால், குடும்பமே படுத்துவிடும்.

சிகரெட்டைவிடப் பீடி சாது என்பதும் தவறு. பீடி எளிதில் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. நஞ்சும் அதிகமாகவே உள்ளே போகிறது. ஒற்றை அறை வீட்டில் அதை மனைவி மக்களும் சுவாசிக்கிறார்கள்.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் 'பாபாட்ரான்' கருவி டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்திலேயே உருவானது. பரேலில் 1941 முதல் டாட்டா நினைவு மருத்துவமனை இருக்கிறது. எனினும் நோய் முற்றியபின் எந்தக் கருவியாலும் முழுப் பயன் கிட்டாது.

பழக்கத்துக்கு அடிமையானவரைத் திட்டிப் பயனில்லை. 1800 112 356 என்ற அரசின் இலவசத் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம்; மருத்துவரை நாடலாம். புகையை விட்ட ஓராண்டில் இதய நோய் அபாயம் பாதியாகக் குறையும் என்பது மருத்துவ உண்மை.

ஆலைப் புகையைக் கட்டுப்படுத்த அரசும் நிர்வாகங்களும் முன்வர வேண்டும். அதற்காக மக்கள் குரல் எழுப்பத்தான் வேண்டும். குரல் எழுப்ப நெஞ்சில் மூச்சு வேண்டாமா? கையிலுள்ள பீடியை அணைக்க யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.