ஒரு பலகையின் விலை

(பத்தாம் வகுப்பு மாணவி, கீரனூர்)

உண்ண உணவு, உடுக்க உடை, இருக்க இடம் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதவை என்று சிறு வகுப்பிலேயே படித்துவிட்டோம். உணவு தரும் உழவரைப் பற்றி நாம் எழுதாத கட்டுரை இல்லை. உடை தரும் நெசவாளரைப் பற்றியும் பலமுறை எழுதியிருக்கிறோம். சின்னாளபட்டிச் சேலை என்றால் நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கே பெருமை. ஆனால் இருக்க இடம் அமைத்துத் தருகிறாரே, அந்தக் கொத்தனாரைப் பற்றியும் சித்தாளைப் பற்றியும் நாம் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம்? வீடு எழும்பும் வரை அவர்கள் நம் கண்முன் நிற்கிறார்கள். பால் காய்ச்சிக் குடி புகுந்ததும் அவர்களை மறந்துவிடுகிறோம்.

இவ்வாண்டு மலரில் அவர்களைப் பற்றி எழுத விரும்புகிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அது வேறெங்கும் நடந்ததன்று. எங்கள் வீட்டிலேயே நடந்தது. எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதும்மா. நாலு பேரு படிச்சா நல்லதுதான்" என்றார்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தோம். மேஸ்திரி ஒருவர், கொத்தனார் இருவர், சித்தாள் மூவர், ஆக ஆறு பேர் வேலை செய்தார்கள். தளம் போட்டு, சென்ட்ரிங் பிரித்து, மாடிச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. மாடிப்படி வருவதற்காகத் தளத்தில் ஒரு பக்கம் திறப்பு விட்டிருந்தார்கள். படி இன்னும் கட்டவில்லை. வெளியே சாய்த்திருந்த ஏணி வழியாகவே எல்லாரும் ஏறி இறங்கினார்கள். திறப்பைச் சுற்றி ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. மாலை வேளையில் நாங்களும் மேலே ஏறி, அதன் ஓரத்தில் நின்று கீழே கூடத்தை எட்டிப் பார்த்து விளையாடியிருக்கிறோம். அது ஆபத்து என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் பிற்பகல். சாந்துச் சட்டியைத் தலையில் வைத்து வந்த அக்கா ஒருவர், குறுக்கே கிடந்த கம்பியைத் தாண்டுவதற்காகப் பக்கவாட்டில் ஓரடி எடுத்து வைத்தார். வைத்த இடத்தில் தளம் இல்லை. பத்தடிப் பள்ளத்தில் கூடத்துத் தரையில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. இறைவன் அருளால் உயிர் பிழைத்தார். ஆனால் இனிமேல் தலைச்சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுமை தூக்குவது ஒன்றே அவருக்குத் தெரிந்த தொழில். அவருடைய மகள் நம் பள்ளியில்தான் படிக்கிறாள். அவள் யார் என்று இங்கே சொல்வது முறையன்று. காலையில் சமைத்து வைத்து, அம்மாவுக்கு வேண்டியதைச் செய்துவிட்டு அவள் மணியடித்த பிறகு ஓடி வந்ததைப் பல நாள் பார்த்திருக்கிறோம். அப்பொழுதெல்லாம் எங்களால் தலை நிமிர்ந்து அவளைப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை எங்கள் வாசலில் கூடியவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். "விதி." சிலர், "கண்ணுபட்டுப் போச்சு" என்றார்கள். கண்ணேறு படாமலிருக்க நாங்கள் வேலை தொடங்கிய முதல் நாளே முகப்பில் திருஷ்டி பொம்மை கட்டியிருந்தோம். வீட்டுக்குக் காவல் வைக்க நினைவிருந்தது. வீட்டைக் கட்டுகிறவர்களுக்குக் காவல் வைக்க நினைவில்லை.

மூன்றாம் நாள் மீண்டும் வேலை தொடங்கியது. அப்பொழுதும் அந்தத் திறப்பு அப்படியே கிடந்தது! எங்கள் பாட்டிதான் பார்த்துவிட்டு, "ஏப்பா மேஸ்திரி, மொதல்ல அந்தப் பொந்த மூடு. பெறகு வேலையப் பாக்கலாம்" என்றார். மேஸ்திரி நான்கு சென்ட்ரிங் பலகைகளை எடுத்து வந்து திறப்பின்மேல் போட்டு, நகராமலிருக்க ஆணியும் அடித்தார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அந்தப் பலகைகள் புதிதாக வாங்கியவை அல்ல. எங்கள் வாசலிலேயே அடுக்கிக் கிடந்தவை.

ஐந்து நிமிட வேலை மூன்று நாள் முன்னதாக நடந்திருந்தால் அந்த அக்கா இன்றும் நடமாடிக்கொண்டிருப்பார். அப்படியிருக்க, இதற்கு விதி என்று பெயர் வைப்பது நியாயமா? விபத்து என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி எவரோ ஒருவர் செய்யாமல் விட்ட வேலைதான் என்பது எங்கள் கருத்து.

மறைக்கல்வி வகுப்பில் லூக்கா நற்செய்தியின் 13 ஆம் அதிகாரம் படித்திருக்கிறோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகளா என்று கேட்ட இயேசு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். விழுந்தவர்மேல் பழி போடாதே என்பதையும் அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

பெரிய ஊர்களிலும் இதே கதைதான். 2014 ஜூன் 28 ஆம் நாள் சனிக்கிழமை மாலை, சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் மழை பெய்துகொண்டிருந்தபோது இடிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். இடி தாக்கியிருக்கலாம் என்ற பேச்சு அப்பொழுது எழுந்தது. அரசு ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. பக்கத்திலேயே அதைப்போல் கட்டப்பட்டிருந்த இன்னொரு கட்டடமும் பாதுகாப்பற்றது என்று கண்டு, 2016 நவம்பர் 2 ஆம் நாள் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இடி விழாத கட்டடத்தையும் ஏன் தகர்க்க நேர்ந்தது? குறை வானத்தில் இல்லை, கட்டிய முறையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. உடலுழைப்புத் தொழிலாளருக்காகத் தமிழ்நாட்டில் 1982 ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1994 இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. 1996 இல் நாடு முழுவதற்கும் கட்டடத் தொழிலாளருக்கான சட்டம் வந்தது. இப்பொழுது அதன் இடத்தில் 2020 ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஆனால் 1996 ஆம் ஆண்டுச் சட்டமும் சரி, புதிய தொகுப்பும் சரி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கட்டடப் பணிகளுக்கே பொருந்தும். எங்கள் வீட்டில் வேலை செய்தவர்கள் ஆறு பேர். கீரனூரிலும் சுற்றுப்பட்டிகளிலும் எழும்பும் வீடுகளில் பெரும்பாலும் இப்படி ஐந்தாறு பேர்தான் வேலை செய்கிறார்கள். அங்கெல்லாம் எந்த ஆய்வாளரும் வந்து சாரத்தை அசைத்துப் பார்க்கப் போவதில்லை. ஆகவே நம் ஊர்களில் வீட்டுக்காரரே ஆய்வாளர். அவருடைய மனச்சாட்சியே சட்டம்.

"அவங்களே தலைக்கவசம் போட மாட்டேங்கிறாங்களே, நாம என்ன செய்ய?" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் நாள் முழுவதும் தலைக்கவசத்தோடு வேலை செய்வது எளிதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும், சித்தாளாக இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலையில் சும்மாடு கட்டி அதன்மேல் ஜல்லிச் சட்டி வைத்திருக்கும் பெண் தலைக்கவசத்தை எங்கே போடுவது? சட்டி தலையில் இருக்கும்போது கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்க்கவும் அவரால் முடியாது. தலைக்கவசம் கொத்தனாருக்கும், கீழே நின்று கல் எடுத்துக் கொடுப்பவருக்கும் கட்டாயம் வேண்டும். ஆனால் சித்தாளைக் காப்பது அவர் நடக்கும் வழிதான். வழியில் கம்பி கிடக்கக் கூடாது. திறப்பு திறந்திருக்கக் கூடாது. ஓரத்தில் தடுப்பு இருக்க வேண்டும். சுமையை மேலே ஏற்றக் கப்பியும் கயிறும் கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. இவை தொழிலாளி கையில் இல்லை. வேலை கொடுப்பவர் கையில் இருக்கின்றன.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் கோல்டன் கேட் பாலம் 1933 முதல் 1937 வரை கட்டப்பட்டது. பத்து லட்சம் டாலர் செலவாகும் வேலையில் ஓர் உயிர் போகும் என்பது அக்காலத்தில் அங்கே வழங்கிய கணக்காம். உயிரைச் சிமெண்டு, கம்பியோடு சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் இதை ஏற்கவில்லை. பாலத்தின் அடியில் நீளப் பெரிய வலையொன்றைக் கட்டச் செய்தார். தவறி விழுந்த 19 பேரை அந்த வலை தாங்கிக் காப்பாற்றியது. ஆயினும் 1937 பிப்ரவரி 17 ஆம் நாள் வேலை மேடை ஒன்று கழன்று வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் இறந்தனர். வலை வேண்டும், வலை இருக்கிறது என்று மேடையைச் சரிபார்க்காமலும் இருக்கக் கூடாது. இரண்டு பாடமும் அந்தப் பாலத்தில் இருக்கின்றன.

நம்மிடம் அத்தனை பெரிய வலை இல்லை. அது தேவையும் இல்லை. நம் ஊர் வேலைக்கு வேண்டியவை சில பலகைகள், உறுதியான கயிறு, உளுத்துப் போகாத சவுக்குக் கம்பு, கொஞ்சம் கவனம். மின்கம்பி செல்லும் பக்கம் நீளமான கம்பியை நிமிர்த்தித் தூக்கக் கூடாது. வாடகை மிச்சம் என்று சென்ட்ரிங் முட்டுகளைக் காலத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. அகலமான தளத்துக்கு 14 நாளாவது முட்டு நிற்க வேண்டும் என்பது பொறியியல் விதி.

இவையெல்லாம் புதிய யோசனைகளும் அல்ல. புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். இல்லாவிடில் அங்கிருந்து எவராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி அவன் வீட்டின்மேல் வரும் என்று இணைச்சட்ட நூலின் 22 ஆம் அதிகாரம் சொல்கிறது. எத்தனை நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட கட்டளை! விழுகிறவன் கவனமாக நடந்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. கட்டுகிறவனிடம்தான் கணக்குக் கேட்கிறது.

அன்புத் தோழியரே! பதினைந்து வயதுப் பெண்கள் நாம் என்ன செய்ய முடியும் என்று எண்ண வேண்டாம். நம்மில் பலருடைய அப்பா கொத்தனார். சிலருடைய அம்மா சித்தாள். நலவாரியத்தில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு விபத்து உதவியும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையும் உண்டு. எங்கள் வீட்டில் விழுந்த அக்கா பதிவு செய்திருக்கவில்லை. செய்ய வேண்டும் என்று அவருக்கு எவரும் சொன்னதும் இல்லை. விண்ணப்பத்தைப் படிக்கவும் நிரப்பவும் நமக்குத் தெரியும். நாம் கற்ற கல்வி நம் தெருவில் உள்ள ஒருவருக்காவது பயன்படட்டுமே! பள்ளி நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நடுவதோடு இதையும் சேர்த்துக்கொள்ள அருட்சகோதரிகள் ஆவன செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வீடு கட்டப் பேசும்போது சதுர அடிக்கு என்ன விலை என்று மேஸ்திரியிடம் கேட்கிறீர்கள். கூடவே, "சாரத்துக்கு என்ன கம்பு போடுவீங்க? படித் திறப்ப எதால மூடுவீங்க?" என்றும் கேளுங்கள். அதற்கு ஆகும் செலவையும் வீட்டுச் செலவாகவே எண்ணிக் கொடுங்கள். அதைக் குறைத்துப் பேசி மிச்சம் பிடிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் மாடிப்படி கட்டியாயிற்று. திறப்பு இருந்த இடம் இப்பொழுது தெரியாது. அந்த அக்கா கம்பூன்றி நடக்கத் தொடங்கியிருக்கிறார். அவருடைய மகளின் படிப்புச் செலவை அப்பா ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஆனால் அதனால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று அப்பாவும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. அந்த நான்கு பலகைகளில் ஒன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். எங்கள் தெருவில் அடுத்த வீட்டுக்குத் தளம் போடும் நாளில், அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்போம்.