உழைச்செல்வான் எங்கே?

‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் ஆகிய நான்கும் கூடினால்தான் அது மருத்துவம். உழை என்றால் பக்கம். உழைச்செல்வான் என்பவன் பக்கத்தில் இருந்து துணை செய்கிறவன். அவன் இல்லையேல் மருத்துவம் முக்கால் பங்கோடு நின்றுவிடும். நம் சமுதாயத்து வளரிளம் பிள்ளைகளின் உள்ளம் நோயுறும்போது நோயாளி இருக்கிறான், மருத்துவர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. பக்கத்தில் நிற்க வேண்டிய நான்காமவன் மட்டும் நம் தெருக்களில் இல்லை. ஏன் இல்லை என்பதே நாம் இங்கே எழுப்பும் வினா.

வினாவின் கனத்தை முதலில் அறிவோம். 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் எழுவரில் ஒருவர் ஏதேனுமொரு மனநலக் குறைபாட்டோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நாளொன்றுக்கு 35 பேர்! இக்கணக்கில் நம் வீட்டுப் பிள்ளைகள் இல்லை என எவரேனும் எண்ணுவாராயின், அவர் ஜனாஸாவில் கலந்துகொண்டும் காரணம் கேட்க அஞ்சித் திரும்பியவராகவே இருப்பார்.

நம் மஹல்லாக்களில் இதைப் பற்றிப் பேச வாயெடுத்தால் மூன்று மறுமொழிகள் ஆயத்தமாகக் காத்திருக்கின்றன.

முதல் மறுமொழி, ‘ஈமான் உறுதியாக இருந்தால் மனம் ஏன் சோர்கிறது?’ என்பது. கேட்பதற்குப் பக்தியாகத் தோன்றும் இச்சொல்லைப் போலப் பிள்ளைகளுக்குத் தீங்கிழைத்த சொல் வேறில்லை. மகனைப் பிரிந்த யஃகூப் நபி (அலை) துயரத்தால் கண்ணொளி இழந்ததைத் திருமறை மறைக்கவில்லை. அன்னை கதீஜா நாயகியாரும் அபூதாலிபும் மறைந்த ஆண்டுக்குத் துயர ஆண்டு என்றே வரலாற்றில் பெயர் நிலைத்தது. நபிமார்களும் அறிந்த துயரம், பதினைந்து வயதுப் பையனுக்கு மட்டும் பாவமாகிவிடுமா? நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவிய மார்க்கம், கால் முறிந்தவனுக்கு ஒரு நீதியும் மனம் முறிந்தவனுக்கு வேறொரு நீதியும் வைக்கவில்லை. தொழுகையும் திக்ரும் உள்ளத்திற்கு உறுதி தருவன என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன நபிமொழியை வியாபாரத்திற்கு மட்டும் எடுத்துக்காட்டுவோர், பிள்ளை விஷயத்தில் கயிற்றையே தேடாதது ஏன்?

இரண்டாம் மறுமொழி, ‘காற்றுப் பட்டிருக்கிறது, ஓதிப் பார்க்கலாம்’ என்பது. ஜின் உண்டு என்பது நம் நம்பிக்கை. உறக்கம் கெட்டவன் மீதெல்லாம் ஜின் ஏறியிருக்கிறது என்பது நம்பிக்கையன்று. ஆராயச் சோம்பும் மனத்தின் வேலை. அரபு மொழியில் ஜீம், நூன், நூன் என்னும் மூலவெழுத்துகளுக்கு மறைத்தல் என்பது பொருள். கண்ணுக்கு மறைந்திருப்பது ஜின். கருவறையில் மறைந்திருப்பது ஜனீன். மரச்செறிவால் நிலம் மறைந்த சோலை ஜன்னத். அறிவு மறைக்கப்பட்டவன் மஜ்னூன். மறைந்ததை வெளிச்சத்திற்குக் கொண்டுவருவது கற்றோர் கடமையன்றோ? நம் முன்னோர் அக்கடமையைச் செய்தனர். 934ஆம் ஆண்டில் மறைந்த அபூஸைத் அல்பல்கீ, உடல்நலத்தோடு உள்ளநலத்தையும் சேர்த்து ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலை யாத்தார். சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்னும் எண்ணத் தொல்லை ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் கவியும் துயரம் வேறு என்றும் பிரித்துக் காட்டினார். 1284ஆம் ஆண்டில் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. வக்ஃபு வருமானமே அம்மருத்துவமனையைப் பேணியது.

அந்த மரபின் வாரிசுகளான நாம் கண்டது என்ன? 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளர் விடுதி தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அத்தகைய விடுதிகளில் நோயாளரைக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர்; பெரும்பாலும் உற்றாரும் உறவினருமே. சொந்த ஊரில் பக்கத்தில் நிற்க ஆளில்லாத நோயாளியைத் தொலைவில் கொண்டுபோய்க் கட்டிவைத்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. சட்டம் சங்கிலியைத் தடுக்கலாம். நோயாளியின் பக்கத்தில் வந்து உட்காருமாறு ஊராரை அதனால் ஏவ முடியாது.

மூன்றாம் மறுமொழி மெல்லிய குரலில் வரும்: ‘வெளியே தெரிந்தால் நாளை நிக்காஹ் நடக்குமா?’ இப்படிக் கேட்கும் தாயை நாம் குறை சொல்லமாட்டோம். அவளை அஞ்சவைத்த நாவுகள் நம்முடையவை. புறம் பேசுதல் ஹராம் என்னும் பயானை ஜும்ஆவில் கேட்டுவிட்டு, பள்ளிவாசல் படியிறங்கும் முன்பே இன்னார் மகளை எந்த மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள் என்று பேசுகிறவர்கள் யார்? இந்த வாய்களுக்கு அஞ்சியே நோய் மூடி வைக்கப்படுகிறது. தொடக்கத்தில் கவனித்தால் எளிதில் தணியக்கூடியது, ஆண்டுக்கணக்கில் மூடி வைக்கப்பட்டுப் படிப்பையும் வாழ்வையும் ஒருசேர அரிக்கிறது.

பிள்ளைகள் எதைச் சுமக்கிறார்கள் என்று என்றேனும் கேட்டோமா? தந்தை வளைகுடாவில் இருக்கிறார். மகனுக்கு அவர் கைப்பேசித் திரையில் தெரியும் ஒரு முகம். மதிப்பெண் விசாரிக்கும் ஒரு குரல். ஒன்பது வயதில் ஊர்விட்டு ஊர் ஹிஃப்ளு மதரஸாவில் சேர்க்கப்பட்ட சிறுவன் இரவில் போர்வைக்குள் அழுகிறான். பகலில் பாடம் தவறினால் பிரம்பு காத்திருக்கிறது. வகுப்பில் முதலிடம் பெற்ற பெண்ணின் படிப்பு நிறுத்தப்படுகிறது; அவள் பேச்சும் நின்றுவிடுகிறது. அந்த மௌனத்தை அடக்கம் என்று நாம் மெச்சுகிறோம்! மதரஸாவில் ஓதி, ஓதிக்கொடுப்பதையே வாழ்வாகக் கொண்ட நாம் இதை எழுதுவது சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்கிறோம்: அழுகின்ற பிள்ளையை அணைக்கத் தெரியாதவர் ஆசிரியர் ஆகார்.

அரசு செய்யட்டுமே என்பாருண்டு. அரசு தன் பங்கிற்குச் சிலவற்றைச் செய்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைக் காணலாம். உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2025ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிலையம் ஒவ்வொன்றிலும் தகுதிபெற்ற உளவள ஆலோசகர் ஒருவரேனும் இருக்கவேண்டும் என நெறிமுறை வகுத்தது. சமுதாயத்தின் பெயரால் பள்ளிக்கூடம் நடத்தும் கனவான்களே, உங்கள் ஆலோசகர் எந்த அறையில் அமர்ந்திருக்கிறார்? அறையைக் காட்டுங்கள், நாம் வாயை மூடிக்கொள்கிறோம்.

மஹல்லா செய்யவேண்டியது மலையைப் பெயர்க்கும் காரியமன்று. படித்த, பொறுமையுள்ள ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தேர்ந்தெடுத்து, மனநலத் துறையினரிடம் முறையான பயிற்சிக்கு அனுப்பவேண்டும். பிள்ளைகள் அஞ்சாமல் வந்துபோக ஓர் அறையும் மாலையில் ஒரு நேரமும் ஒதுக்கவேண்டும். கேட்டது அமானிதம், உயிருக்கு ஆபத்து என்றாலன்றி அது வெளியே போகக் கூடாது. கேட்பவர் மருத்துவர் அல்லர். மருந்து சொல்வது அவர் வேலையன்று. உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், விளையாட்டையும் தோழரையும் விட்டு ஒதுங்கியிருந்தால், வாழ்வதில் பயனில்லை என்ற சொல் வாயில் வந்தால், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் உடன் இருந்து திரும்ப அழைத்து வருவதும் அவர் வேலை. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று பரிவோடு நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது வீண் அச்சம். கேட்பதே பல பிள்ளைகளுக்கு ஆறுதலின் தொடக்கமாகிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில், தோற்ற பிள்ளையின் வீட்டுக் கதவை முதலில் தட்டுபவர் இவராக இருக்கட்டும்.

‘இதற்குப் பணம்?’ என்று முத்தவல்லிகள் கேட்பார்கள். குளிரூட்டப்பட்ட ஷாதி மஹாலுக்குக் கிடைத்த பணம், பளிங்குத் தரைக்குக் கிடைத்த பணம், இதற்கு மட்டும் கிடைக்காதா? மினாராவின் உயரத்தில் சில முழம் குறைந்தால் பாங்கொலி கேளாமற் போய்விடாது. பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை அடக்கி அழும் ஒலி கேட்காமற் போனால், அம்மினாரா எவ்வளவு உயர்ந்தும் என்ன பயன்? கலாவூனின் காலத்தில் வக்ஃபு செய்ததை நம் காலத்து வக்ஃபு செய்யலாகாது என்று எந்தக் கிதாபில் எழுதியிருக்கிறது?

அன்பர்களே! அடுத்து உங்கள் ஜமாஅத் பொதுக்குழு கூடும்போது வரவு செலவு வாசித்து முடியட்டும். கட்டட நிதியும் பேசி முடியட்டும். பிறகு எழுந்து நின்று இந்த ஒரு வினாவைக் கேளுங்கள்: ‘நம் தெருப் பிள்ளைகளுக்கு உழைச்செல்வான் யார்?’ ஒரு பெயர் சொல்லப்படும் வரை உட்காராதீர்கள்.