அடுக்கினால் சிந்தனை, கோத்தால் பொறுமையா?

1966இல் கார்ல் ஆந்த்ரே 120 செங்கற்களை இரண்டு அடுக்காகத் தரையில் வைத்தார். 1972இல் லண்டன் டேட் அந்தப் படைப்பை வாங்கியது. பொதுப்பணத்தில் செங்கல்லா என்று 1976இல் பத்திரிகைகள் கொதித்தபோதும், அது மினிமலிசக் கலை என்ற மரியாதை குலையவில்லை.

நியூயார்க்கில் ஏவா ஹெஸ் 1968இல் வேறொன்று செய்தார். பட்டறையிலிருந்து வந்த எஃகுப் பெட்டியின் 30,000க்கும் மேற்பட்ட துளைகளில் வினைல் குழாய்த் துண்டுகளைக் கோத்தார். வெளியே கச்சிதமான கட்டங்கள். உள்ளே அடர்ந்த மயிர்க்காடு. அதே ஆண்டு அவர் செய்த 19 கண்ணாடியிழை வாளிகளில் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கும் கட்டளை இல்லை.

இதைப் ‘பெண்மையின் நுட்பம்’ என்றும், 34 வயதில் இறந்தவரின் துயரம் என்றும் வாசிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது ஆணுக்குத் தர்க்கம், பெண்ணுக்குச் சுபாவமா? நேற்றுத் துலக்கிய பாத்திரத்தையே இன்றும் துலக்குகிறவளுக்குத் தெரியும், எந்த நாளும் முந்தைய நாளின் நகல் அல்ல என்று. ஹெஸ் அந்த அறிவை வைத்தே தொழிற்சாலை ஒழுங்கை உள்ளிருந்து கலைத்தார். அவரைப் பொறுமைசாலி என்று புகழ வேண்டாம். சிந்தனையாளர் என்று எழுதுங்கள்.