பூச்சிக்கு வரப்பு தெரியாது

ஆரணி என்றதும் வெளியூர்க்காரருக்குப் பட்டுத்தான் நினைவுக்கு வரும். ஆனால் தறிகள் ஓடும் இவ்வூரைச் சுற்றி நெல் விளைகிறது. அரிசி ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. நெல் பொய்த்தால் நடவாளுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் வேலை போகும். நெசவாளி வாங்கும் அரிசியின் விலை ஏறும். ஆகவே நெற்பயிரின் நோய் விவசாயி ஒருவருடைய கஷ்டம் மட்டுமல்ல. உழைக்கும் ஜனங்கள் அனைவரின் பிரச்னை.

1984ஆம் ஆண்டில், ஆரணி அடங்கியிருந்த அன்றைய வட ஆற்காடு ஜில்லாவிலும் செங்கல்பட்டு ஜில்லாவிலும் துங்ரோ நோய் நெல்லைத் தாக்கியது. இலை நுனியிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சும் ஏறும். பயிர் குட்டையாக நின்றுவிடும். கதிர் வந்தாலும் பதர்தான். சத்துக் குறைவென்று எண்ணி யூரியாவைக் கொட்டுவோர் உண்டு. தழைச்சத்து மிகுந்த பயிரையே தத்துப்பூச்சி நாடும் என்பதால் அது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

உண்மையில் நடப்பது என்ன? துங்ரோவுக்குக் காரணம் இரண்டு வைரஸ்கள். ஒன்று பயிரைக் கெடுப்பது. ஆனால் அது தானாகப் பயணம் செய்யாது. மற்றொன்று தனியாக அதிகக் கெடுதல் செய்யாது. ஆனால் அதன் துணையோடுதான் முதலாவது பச்சைத் தத்துப்பூச்சியின் மீது ஏறிச் செல்கிறது. நோயுற்ற பயிரில் சில நிமிஷம் சாறு உறிஞ்சினாலே பூச்சி வைரஸை ஏந்திக்கொள்ளும். ஆனால் சில நாட்களில் அதை இழந்துவிடும். தன் முட்டைக்கும் கொடுப்பதில்லை.

இங்கேதான் நமக்கு நம்பிக்கை இருக்கிறது! நோய் உயிர்வாழ வேண்டுமானால் எங்காவது ஒரு நோயுற்ற செடி எப்போதும் நின்றாக வேண்டும். அறுவடைத் தாளை உடனே மடக்கி உழுது, வரப்புப் புல்லை அழித்து, ஊரே ஏறக்குறைய ஒரே சமயத்தில் நட்டால் சங்கிலி அறுந்துபோகும். ஆனால் கிணறு உள்ளவர் முந்தி நடுகிறார்; ஏரியை நம்பியவர் பிந்தி நடுகிறார். பூச்சிக்கு ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல் தயார். தனி ஒருவரால் இதை எப்படித் தடுக்க முடியும்?

மருந்துக் கடைக்காரர் கைகாட்டும் வழி, அடி, மேலும் அடி என்பதே. அந்த மருந்து சிலந்தி முதலிய நன்மை செய்யும் பூச்சிகளையும் கொல்கிறது. இந்தோனேஷியாவில் இப்படித் தெளித்துத் தெளித்துப் புகையான் பெருகிற்று. 1986இல் அந்த சர்க்காரே நெல்லுக்கு 57 பூச்சி மருந்துகளைத் தடை செய்தது.

நஷ்டம் யார் தலையில்? பயிர்க் காப்பீட்டில் பூச்சி, நோய் இழப்பைத் தனி வயலுக்குக் கணக்கிடுவதில்லை; அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி மகசூலையே பார்க்கிறார்கள். வாய்மொழிக் குத்தகையாளிடம் காட்டக் காகிதமும் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், பயிரிடுகிறவன் பெயர் பதிவேட்டில் ஏறாவிட்டால் சட்டத்தால் என்ன பயன்?

ஆகவே நாம் கோருவது: கிராமம்தோறும் விளக்குப் பொறி வைத்துப் பூச்சியைக் கணக்கெடுக்க வேண்டும், நோய் தாங்கும் விதை சிறு விவசாயிக்கு நாற்றங்கால் பருவத்திலேயே கிடைக்க வேண்டும், ஏரி நீரும் மின்சாரமும் சேர்ந்து நடவுக்கு ஏற்றபடி வர வேண்டும், குத்தகையாளர் பெயர் பதிவாகி இழப்பீடு அவர் கைக்கே சேர வேண்டும்.

பூச்சி வரப்பைப் பார்த்து நிற்பதில்லை. விவசாயிகளும் வரப்பைத் தாண்டி ஒன்றுகூட வேண்டும்.